சர்க்கரையை விட்டவர்

ஹைதராபாத்தின் தார்நாகாவில், ஆய்வு மாணவர்கள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸின் சமையல் மாஸ்டர் சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் சர்க்கரையை விட்டார். விட்டார் என்றால் முழுமையாகவே விட்டார். நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்று முப்பது ஆண்டுகளாக இருந்த வழக்கம் ஒரே நாளில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்களுக்குச் சேமியாப் பாயசம் காய்ச்சும்போது, இனிப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க உதவியாளனின் நாக்கை இரவல் வாங்கினார். பிள்ளையார் சதுர்த்திக்கு வந்த லட்டு, தீபாவளிக்கு வந்த மைசூர்பாகு எதையும் தொடவில்லை. பொங்கலன்று தம் கையாலேயே கிண்டிய சர்க்கரைப் பொங்கலை எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, தமக்கு வெண்பொங்கலை இரண்டு தட்டு வைத்துக்கொண்டார்.

தை பிறந்து பத்து நாள் கழித்து எடுத்த பரிசோதனையில் அவருடைய ஹெச்பிஏ1சி அளவு 8.9 விழுக்காட்டிலிருந்து 9.4 ஆக உயர்ந்திருந்தது.

முதலில் அவர் ஆய்வகத்தைச் சந்தேகித்தார். பிறகு மாத்திரையைச் சந்தேகித்தார். கடைசியில், மெஸ்ஸுக்கு வரும் உயிர்வேதியியல் ஆய்வு மாணவி ஒருவரிடம் அறிக்கைத் தாளை நீட்டி, "சக்கரையத் தொட்டே ஆறு மாசம் ஆச்சு பாப்பா. அப்புறம் இது எங்கேர்ந்து வருது?" என்று கேட்டார். இடது காலில் ஓர் எண்ணெய் டின்னின் விளிம்பு கிழித்த காயம் மூன்று வாரமாக ஆறாமல் இருந்தது. ஐம்பத்திரண்டு வயது; நின்றே செய்யும் வேலை; கள்ளக்குறிச்சியில் பாலிடெக்னிக் படிக்கும் மகன். அந்தக் கேள்வியை அவர் தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

அவரிடம் ஒழுக்கம் குறைந்திருக்கவில்லை. குறைந்தது ஒரு சொல்லின் பொருள். நோய் கண்டறியப்பட்ட அன்று மருத்துவமனையில் அவரிடம் சொல்லப்பட்டது தெலுங்கில் ஒரே வாக்கியம்: "ஷுகர் மானேயண்டி." சர்க்கரையை விட்டுவிடுங்கள். ஹைதராபாத்தில், தமிழ்நாட்டில் போலவே, ஷுகர் என்பது நோய்க்கும் பெயர், டப்பாவில் இருக்கும் வெள்ளைப் பொருளுக்கும் பெயர், இரத்தத்தில் அளக்கப்படுவதற்கும் பெயர். மூன்றுக்கும் ஒரே சொல் இருந்தால், ஒன்றை நிறுத்த மற்றொன்று நிற்கும் என்று நம்புவது அறியாமை ஆகாது. மொழி தந்த குறிப்பை அவர் மிகச் சரியாகப் பின்பற்றினார்.

இந்த நோயின் பழைய பெயர்கள் அனைத்தும் உடலிலிருந்து வெளியேறுவதைப் பார்த்து வைக்கப்பட்டவை. நீரிழிவு என்பது நீராக இழிவது. மதுமேகம் என்பது தேன்போன்ற சிறுநீர். மேலை மருத்துவம் வழங்கும் டயாபிடீஸ் மெலிடஸ் என்ற பெயரிலும் கிரேக்கப் பகுதி ஊடோடிச் செல்வதையும், இலத்தீன் பகுதி தேனின் இனிப்பையும் குறிக்கும். 1776இல் லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன், நோயாளியின் சிறுநீரை ஆவியாக்கி எஞ்சிய வெண்பொருளைச் சர்க்கரை என்று காட்டியபோதும் அளக்கப்பட்டது வெளியேறியதே. வெளியேறுவதைக் குறித்த அந்தப் பெயரை நம் காலத்து நோயாளி உள்ளே போவதைக் குறித்ததாக வாசிக்கிறார். வெளியேறுவது இனிப்பாக இருந்தால் உள்ளே சென்றதும் இனிப்பாகத்தானே இருந்திருக்க வேண்டும்? உள்ளே சென்றது பெரும்பாலும் சோறு.

மாணவி விளக்கம் எதுவும் தொடங்கவில்லை. வடித்த சோற்றில் ஒரு சிறு கவளம் எடுத்து, குழம்போ உப்போ இல்லாமல் வாயில் போட்டு, விழுங்காமல் இரண்டு நிமிடம் மெல்லச் சொன்னார். மாஸ்டர் மென்றார். முகம் சற்று மாறியது. "இனிக்குது" என்றார். சொல்லிவிட்டு, பிடிபட்டவரைப் போலச் சிரித்தார்.

உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி சோற்றின் மாவுச்சங்கிலியை வெட்டத் தொடங்கிவிட்டது; மால்டோஸ் போன்ற சிறு துண்டுகள் நாக்குக்கு எட்டின. இயல்பாகச் சாப்பிடும்போது நாக்கு இதை அறிவதில்லை, ஏனென்றால் வேலையின் பெரும்பகுதி தொண்டைக்குக் கீழே நடக்கிறது. இரைப்பையின் அமிலத்தில் உமிழ்நீரின் நொதி செயலிழக்கும். சிறுகுடலில் கணையத்தின் அமைலேஸ் மீண்டும் வெட்டத் தொடங்கும். குடற்சுவரில் இருக்கும் நொதிகள் கடைசி இணைப்பையும் அறுத்துத் தனித்தனிக் குளுக்கோஸாக இரத்தத்துக்குள் அனுப்பும். சோறு சர்க்கரையாவதற்கு முன்பே நாக்கைக் கடந்துவிடுகிறது. இனிப்பை வைத்து உணவைப் பிரிப்பவருக்கு இந்த ஒரு முழம் தூரம்தான் பொறி.

மாஸ்டருக்கு இதற்கு மேல் விளங்கவைப்பது எளிதாக இருந்தது. வேதியியல் பாடநூல் தேடி எழுதுவதை அவர் கைகள் ஏற்கெனவே அறிந்திருந்தன. உதிரியாக வேகும் அரிசி எது, குழைந்து ஒட்டும் அரிசி எது என்று படி அளக்கும்போதே சொல்லிவிடுவார். அரிசி மாவில் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. கிளையில்லாமல் நீளும் அமைலோஸ் ஒன்று. மரம்போலக் கிளைத்த அமைலோபெக்டின் மற்றொன்று. அமைலோஸ் மிகுந்தால் சோறு உதிரும்; குறைந்தால் ஒட்டும். இரண்டுமே குளுக்கோஸ் மணிகளால் மட்டும் கோத்தவை. கிளைத்த சங்கிலியில் நொதி பற்றிக்கொள்ள முனைகள் அதிகம், ஆகவே அது விரைவாகச் செரிக்கும். வடித்த சோறு ஆறி, மறுநாள் விறைத்துப்போவதை அவர் நாள்தோறும் பார்க்கிறார். நீண்ட சங்கிலிகள் மீண்டும் நெருங்கி அடுக்கிக்கொள்வதால் வரும் விறைப்பு அது. அதில் ஒரு சிறு பகுதி நொதிக்கு எட்டாத மாவாக மாறிப் பெருங்குடல் வரை போகும். பழைய சோற்றுக்கு இதனால் சிறிது சாதகம் உண்டு. சமூக ஊடகங்களில் சொல்லப்படும் அளவுக்கு இல்லை.

"அப்ப வாழைத்தண்டுல என்ன இருக்கு?" என்று மாஸ்டர் கேட்டாராம். கேள்வி உண்மையில் மிக ஆழமானது. வாழைத்தண்டின் நாரும் குளுக்கோஸால் ஆனதே. செல்லுலோஸும் சோற்று மாவும் ஒரே மணியைக் கோத்த இரண்டு மாலைகள். கோத்த திசை மட்டும் வேறு. அந்த ஓர் இணைப்பின் திருப்பத்தை அறுக்கும் நொதி மனித உடலில் இல்லை. சோறு உணவாவதும் வைக்கோல் மாட்டுக்கு மட்டும் உணவாவதும் இந்தத் திருப்பத்தால்தான். மாட்டுக்கும் அதைச் செரிப்பவை அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே. நம் பெருங்குடலின் நுண்ணுயிர்களும் சிலவகை நார்களை, குறிப்பாகப் பருப்பு, ஓட்ஸ், பழம் ஆகியவற்றின் கரையும் நார்களை, புளிக்கவைத்துச் சிறு கொழுப்பமிலங்களாக்குகின்றன. அவற்றுள் பியூட்டிரேட் என்பது குடற்சுவர்ச் செல்களுக்கே எரிபொருள். பயறும் கொண்டைக்கடலையும் வாயு உண்டாக்குவதும் இதே கதை: அவற்றில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் ஆகியவற்றை அறுக்க நம்மிடம் நொதி இல்லை, நுண்ணுயிர்களிடம் இருக்கிறது. இரவு ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைக்கும் பழக்கம் அவற்றில் ஒரு பகுதியைக் கழுவிவிடுகிறது. மாஸ்டர் அதைப் பெயர் தெரியாமலேயே முப்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறார்.

மாவு, சர்க்கரை, நார். தமிழில் இம்மூன்று சொற்களும் உறவுடையவை என்று எந்தப் பேச்சு வழக்கும் சொல்வதில்லை. ஒன்று அரைப்பது, ஒன்று இனிப்பது, ஒன்று பல்லில் சிக்குவது. வேதியியல் இவற்றை ஒரே குடும்பம் என்கிறது. அந்தக் குடும்பத்துக்குப் பெயர் வைக்க முயன்றபோது தமிழும் தெலுங்கும் ஓர் உறுப்பினரின் பெயரையே குடும்பத்துக்கும் சூட்டின. தமிழ் மாவுச்சத்து என்றது. தெலுங்கு பிண்டி பதார்த்தாலு என்றது, பிண்டியும் மாவுதான். மாவுச்சத்து என்று படித்த மாணவனுக்கு மாம்பழத்தின் இனிப்பும் பாலின் லாக்டோஸும் அந்தக் குடும்பம் என்று தோன்ற வழியில்லை. நாரோ, நார்ச்சத்து என்ற தனிப்பெயருடன் வேறு அட்டவணையில் உட்கார்ந்திருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் காபோவைதரேற்று என்று ஒலிபெயர்த்துக்கொண்டு, மாப்பொருள் என்பதை அந்த ஒரு வகைக்கு மட்டும் ஒதுக்கியது இந்தக் குழப்பத்தைத் தவிர்த்தது என்றே சொல்ல வேண்டும், காதுக்கு எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும்.

மூலச் சொல்லும் குற்றமற்றதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் இப்பொருள்களைக் கரியும் நீரும் கலந்தவை என்று கணக்கிட்டு அப்பெயர் வைத்தனர். குளுக்கோஸில் ஆறு கரிக்கு ஆறு நீர் என்று கணக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் கரியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் எதுவும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. அதே கணக்குக்கு வினிகரின் அசிட்டிக் அமிலமும் பொருந்தும். அது கார்போஹைட்ரேட் அல்ல. டி.என்.ஏ.வில் உள்ள டீஆக்ஸிரைபோஸ் கணக்கில் ஓர் ஆக்ஸிஜன் குறைந்தும் கார்போஹைட்ரேட்தான். மோனோசாக்கரைடு, பாலிசாக்கரைடு என்று அறிவியல் பயன்படுத்தும் மற்றொரு பெயரோ, சுற்றிச்சுற்றி நம் ஊருக்கே வந்து சேர்கிறது. சாக்கரைடு, கிரேக்கம் வழியே, சர்க்கரையின் உறவினர். சர்க்கரா என்றால் வடமொழியில் முதலில் சரளைக்கல், பருக்கை. கல்போல் உடைந்து நின்றதால் கருப்பஞ்சாற்றுக் கட்டிக்கு வந்த பெயர், பாரசீகம், அரபு எனப் பயணித்து ஆங்கிலத்தின் ஷுகர் ஆகி, தார்நாகாவின் மருந்துச் சீட்டுக்குத் திரும்பியிருக்கிறது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் அதே தார்நாகாவில்தான் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தொடக்கமும் சோற்றைப் பற்றிய ஒரு கேள்விதான். 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவே பின்னர் வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. பெரிபெரி, தீட்டிய அரிசியை மட்டுமே நம்பி வாழ்ந்தவர்களின் நோய். குளுக்கோஸை எரிக்க உடலுக்குத் தயாமின் வேண்டும். அது தவிட்டோடு போய்விடும். புழுங்கல் அரிசியில் நெல் அவியும்போதே தயாமின் உள்ளே இறங்கிவிடுவதால் அதை உண்டவர்கள் பெரிதும் தப்பினர். நூறு ஆண்டுகளுக்கு முன் சோற்றில் என்ன குறைகிறது என்பது கேள்வி. இன்று தட்டில் சோறு எவ்வளவு மிகுகிறது என்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு, 2023இல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு, வயதுவந்தோரில் 11.4 விழுக்காடு. அதே ஆய்வுக் குழு இந்தியர்களின் உணவாற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு கார்போஹைட்ரேட்டிலிருந்து வருவதாகப் பிறகு கணக்கிட்டது. அந்த நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியோ தானியமும் சிறுதானியமும் சேர்ந்து 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறது.

மாணவி மாஸ்டரின் கணக்கை ஒரு பில் தாளின் பின்புறத்தில் போட்டுக் காட்டினார். எட்டுக் கரண்டி சர்க்கரை, கரண்டிக்கு 5 கிராம். நாளுக்கு 40 கிராம் நின்றது. மெய். ஆனால் டீயில் இனிப்பு நின்றதும் பதினொரு மணிக்கே பசி வந்தது. மதியம் ஒரு கரண்டிச் சோறும் இரவு ஒரு கரண்டிச் சோறும் கூடின. இரண்டும் சேர்ந்து 200 கிராமுக்குக் குறையாது. வெந்த சோற்றில் 100 கிராமுக்கு 28 கிராம் கார்போஹைட்ரேட் என்று வைத்தால் 56 கிராம் உள்ளே வந்தது. இதில் இன்னொரு நுட்பம் உண்டு. சர்க்கரை என்னும் சுக்ரோஸில் பாதிதான் குளுக்கோஸ். மறுபாதி பிரக்டோஸ், அது பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகிறது. (போய் அங்கே நல்லது செய்கிறது என்று பொருளில்லை, மிகுந்தால் கொழுப்பாகப் படியும்.) சோற்று மாவு முழுவதும் குளுக்கோஸ். செரிக்கும்போது ஒவ்வொரு மணியோடும் ஒரு நீர் மூலக்கூறு சேர்வதால் 56 கிராம் மாவு ஏறத்தாழ 62 கிராம் குளுக்கோஸாகிறது. 40 கிராம் சர்க்கரையை நிறுத்தியதில் தவிர்க்கப்பட்ட குளுக்கோஸ் 21 கிராம்.

இருபத்தொன்றை விட்டு அறுபத்திரண்டைப் பெற்றிருக்கிறார். மாஸ்டர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் டொரண்டோவில் 1981இல் முன்வைத்த கிளைசெமிக் குறியீடும் இதையே வேறு வழியில் சொல்கிறது. தூய குளுக்கோஸுக்கு 100 என்றால் வெள்ளைச் சர்க்கரை 65 அளவில் நிற்கும்; வெள்ளரிசிச் சோற்றில் பல வகைகள் 70ஐத் தாண்டும். சர்க்கரை நல்லது என்பதற்கு இது சான்றாகாது. இனிப்பு நம்பத்தக்க அளவுகோல் அல்ல என்பதற்குச் சான்று.

மாலையில் அவர் டீயோடு சாப்பிட்ட மேரி பிஸ்கட் மைதாவும் சர்க்கரையும் தான். இனிப்பு மெலிதாக இருந்ததால் கணக்கில் வரவில்லை. காலையில் இட்லிக்குப் பதில் குடித்த கேழ்வரகுக் கூழ், கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் வந்தது. முழுக் கேழ்வரகில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, மெய்தான். நைசாக அரைத்து, குழையக் காய்ச்சி, பெரிய சொம்பில் குடித்தால் அதன் மாவும் விரைந்தே செரிக்கும். மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளைத் தானியத்தின் இடத்தில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்று மேற்சொன்ன ஆய்வுக் குழுவும் கண்டிருக்கிறது. சிறுதானியங்களைப் பற்றி இப்போது நடக்கும் பரப்புரையில் இந்த வரி காணக் கிடைப்பதில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவர், அப்படியானால் சோற்றையே விட்டுவிடலாமே, கீட்டோ இருக்கிறதே என்று குறுக்கிட்டார். மூளை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸைச் செலவிடுகிறது. சிவப்பணுக்களுக்கு மைட்டோகாண்ட்ரியா இல்லாததால் குளுக்கோஸைத் தவிர வேறு எரிபொருளே இல்லை. கல்லீரல் 100 கிராம் அளவுக்குக் கிளைக்கோஜனைச் சேமித்து இரவு முழுவதும் அளந்து கொடுக்கிறது. உணவில் வராவிட்டால் கல்லீரல் புரதத்திலிருந்தும் கிளிசராலிலிருந்தும் குளுக்கோஸைச் செய்துகொள்ளவும் வல்லது. ஆகவே மனிதன் சோறில்லாமல் உயிர்வாழ முடியும். அதற்கு நாளும் முட்டையும் மீனும் பன்னீரும் வாங்கப் பணம் வேண்டும். மாத்திரை உண்பவர் மருத்துவரைக் கேளாமல் திடீரென்று மாவை நிறுத்தினால் சில மாத்திரைகளோடு இரத்தச் சர்க்கரை அபாயமாகத் தாழவும் கூடும்.

பணம் என்ற சொல் வந்ததும் மாஸ்டர் பேசினார். அதுவரை அவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தார். மெஸ்ஸில் வேலை செய்பவர்களுக்குச் சாப்பாடு இலவசம். ஆனால் எது இலவசம்? "சோறு எவ்ளோ வேணா போட்டுக்கலாம், சாம்பாரும் ரசமும் ஊத்திக்கலாம். முட்டை எண்ணி வருது. பொரியல் பசங்களுக்கே பத்தாது." சம்பளத்தின் ஒரு பகுதி அவருக்குச் சோறாக வழங்கப்படுகிறது என்பதே இதன் பொருள். கிராமுக்கு 4 கலோரி என்று சோற்றின் மாவும் பருப்பின் புரதமும் உடலுக்குச் சமமான ஆற்றல் தந்தாலும், கடைத்தெருவில் அவை சமம் இல்லை. மலிவான கலோரி எங்கே குவிகிறதோ அங்கே நோயும் குவிகிறது. ஊட்டச்சத்து அட்டைகளில் அழகாக நான்காகப் பிரிக்கப்பட்ட தட்டை வரைபவர்கள் அந்தத் தட்டுக்கு யார் பணம் தருகிறார்கள் என்று எழுதுவதில்லை.

பருப்பைப் பற்றிப் பேச்சு திரும்பியது இங்கேதான். சாம்பாரின் அடியில் பருப்பு தங்கும். மேலே நீர் நிற்கும். பரிமாறும்போது மாணவர்களுக்கு மேலாகவும், கடைசியில் சாப்பிடும் வேலையாட்களுக்கு அடியாகவும் வருவதை அவர் சுட்டிக்காட்டினார். இது ஒன்றுதான் கடைசியில் சாப்பிடுவதில் உள்ள வசதி. அந்த அடிச் சாம்பாரை இரண்டு கரண்டி முதலில் தனியாகச் சாப்பிடுவது, பிறகு காய், அதன்பின் ஒரே ஒரு கரண்டிச் சோறு என்று முடிவாயிற்று. நாரும் புரதமும் முன்னே சென்றால் பின்வரும் மாவு இரத்தத்தில் ஏறும் வேகம் தணியும். காலைக் கூழுக்குப் பதில், மாணவர்களின் சுண்டலுக்கு ஊறவைக்கும் கொண்டைக்கடலையில் ஒரு கைப்பிடி. மெஸ் நடத்துபவரிடம் ஒரு நாளைக்கு ஒரு முட்டை கூடுதலாகக் கேட்டார்கள். அவர் முதலில் மறுத்தார். அன்றிரவு மாஸ்டரின் காலைப் பார்த்தபின் வாரத்துக்கு நான்கு என்று இறங்கி வந்தார். பேரம் இன்னும் முடியவில்லை.

காயத்தைப் பார்த்த மருத்துவர் கட்டுப் போட்டு, மாத்திரை அளவை மாற்றி, செருப்பில்லாமல் அடுப்படியில் நிற்கக் கூடாது என்றார். இந்த முறை மாணவியும் உடன் போயிருந்தார். மருத்துவர் மறுபடியும் "ஷுகர்" என்று தொடங்கியபோது மாஸ்டர் குறுக்கிட்டு, தமக்குத் தெரிந்த தெலுங்கில், "எந்த ஷுகர் சார்? டப்பாவுல இருக்கிறதா, சோத்துல இருக்கிறதா?" என்று கேட்டாராம்.

வெல்லம் சர்க்கரையில் சேராது, ஆகவே பரவாயில்லை என்று மட்டும் அவர் இன்னும் நம்புகிறார். அதில் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான் என்று சொன்னதற்கு, "நீ சொன்னாச் சரிதான் பாப்பா" என்று சொல்லிவிட்டு, வெல்ல டப்பாவை உயரமான அலமாரிக்கு மாற்றினார். காயத்தின் ஓரம் உலரத் தொடங்கியிருக்கிறது. சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், ஹெச்பிஏ1சியில் இந்த மாற்றம் முழுமையாகத் தெரிய இன்னும் மூன்று மாதம் ஆகும். அடுத்த பரிசோதனைக்குச் சித்திரையில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.